பக்கத்து நோடு சொல்வதை எவ்வளவு நம்பலாம்? ஃபாக் கம்ப்யூட்டிங்கில் நம்பிக்கைக் கணக்கு

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில் கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, வேலந்தாவளம், கோபாலபுரம், மூலத்தறை என்று எல்லையை ஒட்டி வரிசையாக ஊர்கள். ஆட்சி கேரளத்தினுடையது, பல வீடுகளில் பேச்சு தமிழ். மாடு இல்லாத தெரு அபூர்வம். காலையிலும் மாலையிலும் பால் சொசைட்டி வாசலில் தூக்குவாளிகள் வரிசை கட்டும்.

கறந்த பால் மாட்டின் உடல் சூட்டோடுதான் வந்து சேரும். அதைச் சீக்கிரமாக 4 டிகிரிக்கு இறக்கினால்தான் கிருமி வேகமாகப் பெருகாது. அதற்காகச் சொசைட்டிகளில் பிஎம்சி என்று சொல்லும் பெரிய குளிர்விப்புத் தொட்டி இருக்கும். டேங்கர் வந்து எடுத்துப்போகும் வரை பால் அதில் கிடக்கும். நடுவில் கரண்ட் போய், ஜெனரேட்டரும் ஓடாமல் போனால் ஆயிரக்கணக்கான லிட்டர் கெட்டுப்போகும்.

இந்த ஊர்களின் சொசைட்டி ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஊர்ப்பெயர்கள் மட்டுமே நிஜம், நெட்வொர்க் நம் கற்பனை. தொட்டியின் வெப்பநிலை, கரண்ட் இருக்கிறதா இல்லையா, ஜெனரேட்டரில் எவ்வளவு டீசல், பால் ஆனலைசர் காட்டும் ஃபேட் (கொழுப்பு), எஸ்என்எஃப் (கொழுப்பு தவிர்த்த திடப்பொருள்) எல்லாம் அதற்கு வரும். டேங்கரிலும் ஒன்று இருக்கிறது. இவை எங்கோ தொலைவில் இருக்கும் சர்வரைக் கேட்டு முடிவெடுக்காமல், தங்களுக்குள் பேசிக்கொண்டு பெரும்பாலான முடிவுகளை அங்கேயே எடுக்கின்றன. ஃபாக் கம்ப்யூட்டிங் என்பது இதுதான்.

இந்தப் பெயரைப் பரப்பியது சிஸ்கோ நிறுவனம். அங்கிருந்த ஃபிளாவியோ பொனோமியும் சக ஆய்வாளர்களும் 2012ல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு இது தனித்துறையாகவே வளர்ந்தது. 2015ல் சிஸ்கோ, இன்டெல், மைக்ரோசாஃப்ட், டெல், ஆர்ம், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் சேர்ந்து ஓபன்ஃபாக் கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். அவர்கள் வகுத்த கட்டமைப்பு 2018ல் ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பின் 1934 என்ற எண்ணுள்ள தர விதியானது. அடிப்படை எண்ணம் எளிது. கருவிகள் கீழே, கிளவுட் என்னும் தொலைதூர சர்வர்கள் மேலே, இரண்டுக்கும் நடுவில் கணக்குப் போடத் தெரிந்த ஒரு அடுக்கு. அந்த அடுக்கில் இருக்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் ஒரு நோடு. கிளவுட் சும்மா இருப்பதில்லை. மாதாந்திரக் கணக்கு, பழைய பதிவுகள், பெரிய ஆய்வுகள் அங்கே போகும். ராத்திரி 2 மணிக்கு ஜெனரேட்டரைப் போடலாமா என்ற கேள்வி மட்டும் இணையம் இருக்கிறதா என்று பார்த்துக் காத்திருக்கக் கூடாது.

சரி, நோடுகள் தங்களுக்குள் எதற்குப் பேச வேண்டும்? வண்ணாமடையில் கரண்ட் போகிறது. நம் கட்டடத்தின் ஃபியூஸா, லைனே போய்விட்டதா? அதே லைனில் இருக்கும் பக்கத்து நோடைக் கேட்டால் தெரிந்துவிடும். ஃபியூஸ் என்றால் ஆளை எழுப்ப வேண்டும், லைன் என்றால் ஜெனரேட்டரைப் போட வேண்டும். வேலந்தாவளத்தில் இணையம் விழுந்துவிட்டது என்றால் அதன் தகவலைக் கோபாலபுரம் சுமந்துபோய் மேலே சேர்க்கலாம். டேங்கர் முதலில் எங்கே போக வேண்டும் என்பதை எந்தத் தொட்டி நிரம்பியிருக்கிறது, எங்கே குளிர்விப்பு திணறுகிறது என்று பார்த்து முடிவு செய்யலாம்.

இதில் ஒரு நோடு பொய் சொன்னால் என்ன ஆகும்?

பொய் என்றதும் ஹேக்கர்தான் நினைவுக்கு வருவார். நிஜத்தில் மூன்று வகை இருக்கிறது. முதலாவது பழுது. சென்சார் கெட்டுப்போய்த் தப்பான எண் வருகிறது, நோடுக்கே அது தெரியாது. இரண்டாவது சுயநலம். "என் தொட்டி சூடாகிறது, முதலில் இங்கே வாங்க" என்று தினமும் சொல்லி டேங்கரைத் தன் பக்கம் இழுக்கிறது. பக்கத்து நோடின் தகவலைச் சுமக்க ஒப்புக்கொண்டு, பிறகு கீழே போட்டுவிடுவதும் இந்த வகைதான். மூன்றாவது, வெளியாள் ஒருவர் கைக்குள் போட்டுக்கொண்ட நோடு. இந்த மூன்றையும் ஆரம்பத்திலேயே பிரித்துப் பார்க்க முடியாது, பார்க்கவும் வேண்டியதில்லை என்பது என் கருத்து. டேங்கருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இந்த நோடு சொல்வதை வைத்து 12 கிலோமீட்டர் திரும்பிப் போகலாமா, கூடாதா?

புதிதாக இதைப் படிப்பவர்கள் உடனே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. டிஜிட்டல் சான்றிதழ் இருக்கிறதே, கடவுச்சொல் இருக்கிறதே, செய்திகளை மறையாக்கம் செய்கிறோமே, இன்னும் என்ன நம்பிக்கை?

மீனாட்சிபுரத்தில் கேரளப் பால்வளத் துறையின் செக்போஸ்ட் இருக்கிறது. ஓணம் நெருங்கினால் அங்கே கெடுபிடி அதிகம். தமிழ்நாட்டிலிருந்து வரும் டேங்கரின் காகிதங்கள் எல்லாம் சரியாக இருந்தாலும், மாதிரி எடுத்துப் பாலைச் சோதிக்கிறார்கள். வண்டி யாருடையது, எங்கிருந்து வருகிறது என்பதைக் காகிதம் சொல்லும். உள்ளே இருக்கும் பால் எப்படி என்று தெரிந்துகொள்ளப் பாலைத்தான் பார்க்க வேண்டும். டிஜிட்டல் சான்றிதழும் அந்தக் காகிதம் போலத்தான். "நான்தான் கோபாலபுரம் நோடு" என்பதை உறுதி செய்யும். கோபாலபுரம் நோடு இன்றைக்குச் சொல்லும் 4 டிகிரி உண்மையா என்பது அதன் வேலை இல்லை.

2016ல் மிராய் என்ற நிரல் இதை உலகத்துக்கே காட்டியது. வீடுகளிலும் கடைகளிலும் இருந்த கேமராக்கள், ரௌட்டர்கள் போன்ற சாதாரணக் கருவிகளுக்குள் அது புகுந்தது. தொழிற்சாலையில் போட்டுக் கொடுத்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாததே வழி. சுமார் அறுபது பெயர், கடவுச்சொல் ஜோடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே லட்சக்கணக்கான கருவிகளைப் பிடித்துக்கொண்டது. அதே ஆண்டு அக்டோபர் 21 அன்று அப்படிப்பட்ட கருவிகளை ஏவி டின் என்ற நிறுவனத்தின் பெயர்ச் சேவையை, அதாவது தளங்களின் பெயரை இணைய முகவரியாக மாற்றித் தரும் சேவையை, முடக்கினார்கள். ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உட்படப் பல தளங்கள் பலருக்குத் திறக்கவில்லை. அந்தக் கருவிகள் எல்லாம் தங்கள் வீட்டு நெட்வொர்க்குக்குத் தெரிந்த, அனுமதி பெற்ற கருவிகள்தான். ஆள் மாறவில்லை, நடத்தைதான் மாறியது.

அதனால் சான்றிதழ் வாசல் வரைக்கும் கட்டாயம். வாசலைத் தாண்டிய பிறகு நடத்தையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நடத்தையை எண்ணாக மாற்றுவதுதான் நம்பிக்கை மேலாண்மை. நம்பிக்கை என்பதைக் கம்ப்யூட்டருக்குப் புரியும் கணக்காக எழுதலாம் என்று முறைப்படி முயன்ற ஆரம்ப வேலைகளில் முக்கியமானது, ஸ்காட்லாந்தின் ஸ்டிர்லிங் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் மார்ஷ் 1994ல் முடித்த முனைவர் பட்ட ஆய்வு. நாம் இங்கே பயன்படுத்தப் போவது அதைவிட எளிய ஒன்று. ஆடன் யோசாங், ரோஸ்லான் இஸ்மாயில் இருவரும் 2002ல் முன்வைத்த பீட்டா முறை.

ஒவ்வொரு பக்கத்து நோடுக்கும் இரண்டு எண்களை வைத்துக்கொள்கிறோம். எத்தனை முறை சரியாக நடந்தது, எத்தனை முறை தவறியது. நம்பிக்கை மதிப்பு இப்படி வரும்:

நம்பிக்கை = (சரி + 1) ÷ (சரி + தவறு + 2)

புதிதாக வந்த நோடுக்கு இரண்டும் பூஜ்யம். 1 ÷ 2, அதாவது 0.5. நல்லவன் என்றும் சொல்லவில்லை, கெட்டவன் என்றும் சொல்லவில்லை. இரண்டு முறை சரியாக நடந்தால் 3 ÷ 4, அதாவது 0.75. முதல் இரண்டு வேலையைப் பார்த்துவிட்டு யாரும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட மாட்டார்கள், சூத்திரமும் நம்பவில்லை. சாதாரண சதவீதம் போட்டிருந்தால் இரண்டுக்கு இரண்டு, நூறு சதவீதம் என்று வந்திருக்கும்.

இன்னொரு ஜோடியைப் பாருங்கள். ஒரு நோடு 10 வேலையில் 9 சரி, 1 தவறு. இன்னொன்று 100 வேலையில் 90 சரி, 10 தவறு. சதவீதத்தில் இரண்டும் 90. சூத்திரத்தில் முதலாவதுக்கு 10 ÷ 12, சுமார் 0.83. இரண்டாவதுக்கு 91 ÷ 102, சுமார் 0.89. நூறு முறை பார்த்த ஆளை நமக்கு இன்னும் நன்றாகத் தெரியும் என்பதுதான் அந்த வித்தியாசம். ஆனாலும் மதிப்பு ஒன்றை மட்டும் சேமித்துவிட்டு எண்ணிக்கைகளைத் தூக்கிப் போடக் கூடாது. யாரோடும் பழகாத நோடுக்கும் 0.5தான், நூறு தடவையில் ஐம்பது தடவை பொய் சொன்ன நோடுக்கும் 0.5தான். முதலாவதுக்குச் சின்ன வேலை கொடுத்துப் பார்க்கலாம், இரண்டாவதை ஒதுக்கிவைக்க வேண்டும். எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்பதைத் தனியாக வைத்துக்கொள்வது இந்தத் துறையில் மிக முக்கியமான பழக்கம். ஆரம்பத்தில் பலரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

சூத்திரம் எளிது. "சரி", "தவறு" என்று தீர்ப்புச் சொல்வது யார் என்பதில்தான் கஷ்டம் முழுவதும் இருக்கிறது.

சில வேலைகளுக்குத் தீர்ப்பு சுலபம். தகவலைச் சுமந்துபோகச் சொன்னோம், மேலே போய்ச் சேர்ந்ததற்குக் கிளவுடிலிருந்து ரசீது வந்தால் சரி, வராவிட்டால் தவறு. வெப்பநிலைக்கு அப்படி உடனே ரசீது கிடைக்காது. டேங்கர் வந்து பால் ஏற்றும்போது அதன் சொந்த வெப்பமானி ஓர் எண்ணைக் காட்டும். தொட்டியின் நோடு சொன்ன எண்ணோடு அதை ஒப்பிடலாம். ஒரு டிகிரிக்குள் இருந்தால் சரி. பால் பண்ணையில் இறக்கும்போது நடக்கும் பரிசோதனை இன்னும் வலுவான சாட்சி, ஆனால் தாமதமாக வரும். ஆக, நோடு சொன்னதையெல்லாம் நேரத்தோடு எழுதிவைத்து, சாட்சி வரும்போது திரும்பிப் போய் மதிப்பெண் போட வேண்டியிருக்கும்.

சாட்சியே இல்லாத நேரத்தில் இயற்கை விதி கைகொடுக்கும். ஒரு சொசைட்டியில் இப்படி நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

"அண்ணா, டேங்க் டெம்பரேச்சர் நேத்து ராத்திரியிலிருந்து நாலுலயே நிக்குதுங்க. ரொம்ப நல்லா ஓடுதுங்க."

"காலைப் பால் ஊத்தினீங்கல்ல தம்பி, அப்ப எவ்வளவு காட்டுச்சு?"

"அப்பவும் நாலுதாங்க."

"சூட்டுப் பால் அத்தனை ஊத்தியும் அசையலைன்னா அது பாலைப் பார்க்கவே இல்லை. ஒயரைப் பாரு, எலி கடிச்சிருக்கும்."

ஒயர் அறுந்திருக்கிறது. கடைசியாக வந்த எண்ணை நிரல் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கிறது. ஏற்கெனவே குளிர்ந்து கிடக்கும் பாலோடு உடல் சூட்டில் இருக்கும் பால் கலந்தால் மொத்த வெப்பநிலை ஏறியே ஆக வேண்டும். அது ஏறவில்லை என்றால் சென்சார் சொல்வது பொய். இதற்குப் பக்கத்து நோடும் வேண்டாம், கிளவுடும் வேண்டாம். எதிர் வகைப் பழுதும் உண்டு. சென்சார் குச்சி அதன் உறையிலிருந்து பாதி வெளியே நழுவினால் பாதிப் பாலையும் பாதி அறைக் காற்றையும் அளக்கும். மத்தியானம் 11, விடியற்காலை 7 என்று அறையின் சூட்டோடு சேர்ந்து ஆடும். தொட்டி சூடாகிறது என்று ஒவ்வொரு மத்தியானமும் அது அலறும். சுயநலமாக டேங்கரை இழுக்கும் நோடு எப்படி நடந்துகொள்ளுமோ, வெளியிலிருந்து பார்க்க இதுவும் அப்படியே இருக்கும். பழுதா, தந்திரமா என்று ஆரம்பத்திலேயே பிரிக்க வேண்டாம் என்று சொன்னது இதனால்தான். மதிப்பு இறங்கட்டும், ஆள் போய்ப் பார்க்கட்டும், காரணம் அப்புறம் தெரியும்.

அடுத்தது காலம். 200 முறை சரியாக நடந்த நோடின் மதிப்பு 201 ÷ 202, சுமார் 0.995. அது இன்றைக்குக் கெட்டுப்போகிறது. தொடர்ந்து 20 முறை தவறான தகவல். மதிப்பு 201 ÷ 222, இன்னும் 0.905! இருபது பொய்க்குப் பிறகும் டேங்கர் அதை நம்பிக்கொண்டிருக்கும். பழைய புண்ணியம் இன்றைய பாவத்தை மறைக்கிறது.

இதற்குத் தேய்வு எண் என்று ஒன்றைச் சேர்க்கிறார்கள். புதிதாக ஒரு சம்பவம் நடக்கும்போதெல்லாம் பழைய இரண்டு எண்களையும், உதாரணமாக, 0.9ஆல் பெருக்கிவிட்டுப் புதியதைக் கூட்டுவது. அப்படிச் செய்தால் எத்தனை வருடம் ஒழுங்காக இருந்தாலும் "சரி" எண் 10ஐத் தாண்டாது. மதிப்பு அதிகபட்சம் 11 ÷ 12, சுமார் 0.92. முதல் தவறில் 0.83, இரண்டாவதில் 0.76, மூன்றாவதில் 0.69. ஏழாவது தவறில் 0.5க்குக் கீழே போய்விடும். இருபது பொய் வரை காத்திருக்க வேண்டாம்.

ஆனால் தேய்வு நல்லதையும் கெட்டதையும் ஒரே வேகத்தில் மறந்தால், அதைத் தெரிந்த எதிரி விளையாடுவார். கொஞ்ச நாள் ஒழுங்காக நடந்து மதிப்பை ஏற்றிக்கொள்வது, தேவைப்படும் நாளில் ஒரு பெரிய பொய், மறுபடி ஒழுங்கு. ஆய்வுகளில் இதை ஆன்-ஆஃப் தாக்குதல் என்பார்கள். தீர்வு, தவறை மெதுவாக மறப்பது அல்லது ஒரு தவறை மூன்றாக எண்ணுவது. உச்சியில் இருக்கும் நோடின் ஒரே தவறை மூன்றாக எண்ணினால் 0.92லிருந்து நேராக 0.71க்கு விழும். ஏறுவது படிப்படியாக, இறங்குவது வேகமாக. பாலைப் பொறுத்தவரை இது நியாயம்தான். பொய்யை நம்பினால் ஒரு தொட்டிப் பால் போகும், உண்மையை ஒரு நாள் சந்தேகித்தால் டேங்கருக்குக் கொஞ்சம் டீசல் அதிகம் ஆகும். நஷ்டம் இரண்டு பக்கமும் சமமாக இல்லாத இடத்தில் கணக்கும் சமமாக இருக்கத் தேவையில்லை. எந்த எண்ணைப் போடுவது என்பதற்குப் பொது விதி கிடையாது. உங்கள் தொழிலில் எந்தத் தவறுக்கு எவ்வளவு விலை என்பதுதான் அதை முடிவு செய்யும்.

இதுவரை பார்த்தது நேரடி நம்பிக்கை. நானே பழகி, நானே தெரிந்துகொண்டது. புதிய டேங்கர் ஒன்று முதல்முறை இந்த வழித்தடத்தில் வருகிறது, அதற்கு யாரையும் தெரியாது. அப்போது பக்கத்தவர்களைத்தான் கேட்க வேண்டும். கொழிஞ்சாம்பாறை நோடு சொல்கிறது: "கோபாலபுரத்தோடு எனக்கு 20 முறை நல்ல அனுபவம், 5 முறை கெட்ட அனுபவம்." இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? சொல்பவரை எவ்வளவு நம்புகிறோமோ அந்த அளவுக்குச் சுருக்கி எடுத்துக்கொள்ள வேண்டும்.

கொழிஞ்சாம்பாறை மேல் டேங்கருக்கு 0.8 நம்பிக்கை என்றால் 20ஐ 16 ஆகவும் 5ஐ 4 ஆகவும் எடுத்துக்கொள்ளும். கோபாலபுரத்தின் மதிப்பு 17 ÷ 22, சுமார் 0.77. கொழிஞ்சாம்பாறை மேல் 0.1தான் நம்பிக்கை என்றால் 20 என்பது 2 ஆகும், 5 என்பது 0.5 ஆகும். மதிப்பு 3 ÷ 4.5, சுமார் 0.67. சொன்னவரை நம்பாதபோது விடை நடுவில் இருக்கும் 0.5ஐ நோக்கி நகர்கிறது, பூஜ்யத்தை நோக்கிப் போகவில்லை. பல தொடக்கநிலைப் பாடங்களில் இரண்டு நம்பிக்கைகளையும் நேராகப் பெருக்கிவிடுகிறார்கள். கொழிஞ்சாம்பாறை மேல் 0.1, அது கோபாலபுரத்துக்குச் சொன்ன 25க்கு 20, அதாவது 0.8. பெருக்கினால் விடை 0.08. அதாவது பொய்யன் ஒருவன் கோபாலபுரத்தைப் புகழ்ந்தான் என்பதற்காகக் கோபாலபுரம் பொய்யனாகிவிட்டது! நம்பத்தகாதவர் சொன்னால் நமக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் அர்த்தம். எண்ணிக்கைகளைச் சுருக்கும் முறை இந்தத் தப்பைச் செய்யாது.

சிபாரிசு என்று வந்துவிட்டால் அதைக் கெடுக்கவும் வழிகள் வந்துவிடும். நல்ல நோடைப் பற்றி வேண்டுமென்றே கெட்டதாகச் சொல்வது ஒன்று, கூட்டாளிகள் ஒருவரையொருவர் புகழ்ந்துகொள்வது இன்னொன்று. ஒரு நோடைப் பற்றி ஐந்து பேர் 0.88, 0.91, 0.85, 0.90, 0.05 என்று சொல்கிறார்கள் என்று வையுங்கள். சராசரி எடுத்தால் 0.72. ஒரே ஒரு அவதூறு மொத்தத்தையும் இழுத்துவிட்டது. வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுத்தால் 0.88, அவதூறு அடிபட்டுப்போகிறது. 0.05 என்று சொன்னவரின் சிபாரிசு நம்பிக்கையையும் குறைத்துவிடலாம். வேலை செய்வதில் ஒரு நோடு எப்படி, சிபாரிசு சொல்வதில் எப்படி என்று இரண்டு தனிக் கணக்கு வேண்டும். தன் வேலையை அருமையாகச் செய்துகொண்டே மற்றவர்களைப் பற்றிப் புறம் பேசும் நோடு இருக்க முடியும்.

பொய்யர்களின் எண்ணிக்கை கூடினால் நடு எண்ணும் காப்பாற்றாது. லாம்போர்ட், ஷோஸ்டாக், பீஸ் என்ற கணினி ஆய்வாளர்கள் மூவரும் 1982ல் இது போன்ற ஒரு கேள்விக்கு எல்லை வகுத்தார்கள். கையெழுத்திடாத செய்திகளை வைத்து எல்லோரும் ஒரு முடிவுக்கு வர வேண்டும் என்றால், ஒரு துரோகியைத் தாங்க மொத்தம் நான்கு பேராவது வேண்டும், இரண்டு துரோகிகளுக்கு ஏழு பேர். ஐந்தாறு சொசைட்டிகள் உள்ள நம் நெட்வொர்க் ஒருவரைத் தாங்கும்.

அப்படியானால் எதிரி என்ன செய்வார்? ஒரே ஆள் பத்து நோடு போல வேஷம் போடுவார். 2002ல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் ஜான் டௌசர் இதற்குச் சிபில் தாக்குதல் என்ற பெயரோடு கட்டுரை எழுதினார். அடையாளத்தை உறுதி செய்ய நம்பகமான மைய அமைப்பு ஒன்று இல்லாமல் இதை முழுமையாகத் தடுப்பது நடைமுறையில் முடியாது என்பதுதான் அவருடைய முடிவு. நம் நெட்வொர்க்குக்கு இது பெரிய தலைவலி இல்லை. சொசைட்டிகள் பால் கொடுக்கும் யூனியனின் அலுவலகத்தில் பதிவு செய்து சான்றிதழ் வாங்கிய நோடு மட்டுமே பேசலாம் என்று வைத்துவிட்டால் போதும். வாசலில் நிற்கும் அந்தச் சான்றிதழ் இங்கே பெரிய உதவி செய்கிறது. மதிப்பு விழுந்ததும் பெயரை மாற்றிக்கொண்டு புது நோடாக 0.5லிருந்து தொடங்கும் தந்திரத்தையும் அதே பதிவு தடுத்துவிடும். ஸ்டான்ஃபோர்டில் 2003ல் வந்த ஐகன்டிரஸ்ட் முறையும் யாரை முதலில் நம்புவது என்று சில நோடுகளை முன்கூட்டியே குறித்துக்கொண்டுதான் கணக்கைத் தொடங்குகிறது. எங்கோ ஓரிடத்தில் மனிதர்கள் கைகாட்டித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

ஒரு நோடுக்கு ஒரே மதிப்பு போதாது. கரண்ட் போனதைச் சரியாகச் சொல்லும் நோடின் வெப்பநிலைச் சென்சார் கெட்டிருக்கலாம். தகவல் சுமப்பது, கரண்ட் நிலவரம், வெப்பநிலை என்று வேலைவாரியாகத் தனித்தனிக் கணக்கு வைக்க வேண்டும்.

நம்பிக்கை இரண்டு திசையிலும் ஓட வேண்டும் என்பதும் ஃபாக் கம்ப்யூட்டிங்கில் கவனிக்க வேண்டிய விஷயம். வேலையைக் கொடுக்கும் நோடு, வாங்கும் நோடைச் சோதிக்கிறது. வாங்கும் நோடும் கொடுப்பவரைச் சோதிக்க வேண்டும். கொட்டும் வேலையெல்லாம் ஏற்றுக்கொண்டால் தன் சொந்தத் தொட்டியைக் கவனிக்க நேரமில்லாமல் போகும்.

மதிப்பு கைக்கு வந்த பிறகு அதை வைத்து என்ன செய்வது? "0.6க்குக் கீழே என்றால் வெளியேற்று" என்று ஒற்றைக் கோடு போடுவது எல்லோருக்கும் முதலில் தோன்றும். எனக்கு அதில் உடன்பாடில்லை. பால் விஷயத்தில் ஒரு நோடை வெளியேற்றினால் அந்த ஊரின் கறவைக்காரர்கள் எல்லோருடைய பாலும் கண்ணுக்குத் தெரியாமல் போகும். அவர்கள் செய்த தப்பு ஒன்றுமில்லை, எலி கடித்த ஒயர்தான் காரணம். படிப்படியாகப் போகலாம். மதிப்பு நன்றாக இருந்தால் சொன்னதை அப்படியே ஏற்பது, கொஞ்சம் குறைந்தால் இன்னொரு நோடையும் கேட்டு உறுதி செய்வது, இன்னும் குறைந்தால் சொசைட்டிச் செயலருக்குப் போன் போட்டுத் தொட்டியைக் கையால் அளந்து சொல்லச் சொல்வது. இன்னொரு கட்டுப்பாடும் வேண்டும். நம்பிக்கை மதிப்பை வைத்து ஜெனரேட்டரைப் போடலாம், நிறுத்தக் கூடாது. "கரண்ட் வந்துவிட்டது" என்று பக்கத்து நோடு எத்தனை உயர்ந்த மதிப்போடு சொன்னாலும், தன் மீட்டரில் கரண்ட் தெரிந்த பிறகுதான் அணைக்க வேண்டும். தவறினால் திரும்ப முடியாத செயலைப் பிறர் சொல்லை நம்பிச் செய்யக் கூடாது.

இந்தக் கணக்கை எங்கே வைப்பது என்று கேட்டால், ஒவ்வொரு நோடும் தன் பக்கத்தவர்களைப் பற்றிய கணக்கைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, இணையம் இருக்கும்போது கிளவுடில் ஒரு நகல் போட்டுவைப்பது இந்த அளவுக்கு நெட்வொர்க்குக்குப் போதும். பிளாக்செயினில், அதாவது பலரிடமும் நகல் இருக்கும், தனியாள் மாற்ற முடியாத பொதுப் பதிவேட்டில், வைக்கலாம் என்று நிறைய ஆய்வுகள் சொல்கின்றன. ஒருவரையொருவர் அறியாத பல நிறுவனங்கள் சேரும் இடத்தில் அதற்குப் பயன் உண்டு. ஒரே யூனியனுக்குப் பால் ஊற்றும் ஐந்து சொசைட்டிக்கு அந்தச் சுமை தேவையில்லை.

செய்து பார்க்க நினைப்பவர்கள் முதல் சில வாரங்களுக்கு மதிப்பைக் கணக்கிட மட்டும் செய்யுங்கள், அதை வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம். எந்த நோடின் மதிப்பு விழுகிறது என்பதையும், எந்த ஊரில் என்ன கெட்டது என்று சொசைட்டி ஆட்கள் சொல்வதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் தேய்வு எண்ணையோ தவறின் எடையையோ மாற்றுங்கள். சேமிக்க வேண்டியது அதிகமில்லை. ஒரு பக்கத்து நோடின் ஒரு வேலைக்குச் சரி, தவறு, கடைசியாக மாறிய நேரம் என்று மூன்றே எண்கள். ஐந்து நோடு, மூன்று வேலை என்றால் பதினைந்து வரிகள். ஒவ்வொரு மாற்றத்தையும் உடனே மெமரி கார்டில் எழுதிவிடுங்கள். ரேமில் மட்டும் வைத்திருந்தால் கரண்ட் போய் வந்ததும் எல்லோரும் 0.5க்குத் திரும்பிவிடுவார்கள், கெட்ட பெயர் எடுத்த நோடும் கழுவிவிட்டது போல நிற்கும்.